பீரோவில் சங்கிலி இல்லை

டெல்லியில் ஒரு வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் வயதான பாட்டி இருக்கிறார். பாட்டியைக் கவனித்துக் கொள்ள ஒரு பெண் இருக்கிறார். அவர் ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஐந்து வருடமாக அந்த வீட்டிலேயே தங்கியிருக்கிறார். வீட்டுச் சாவி அவரிடம்தான். பால் பணம், காய்கறிப் பணம் எல்லாம் அவர் கையில்தான். டெல்லியில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு.

ஒரு நாள் காலையில் வீட்டம்மா பீரோவைத் திறக்கிறார். 16 கிராம் தங்கச் சங்கிலியைக் காணோம். பகீர் என்கிறது.

"தீதி, நான் எடுக்கவில்லை" என்கிறார் அந்தப் பெண்.

"நீ எடுக்காமல் வேறு யார் எடுத்திருப்பார்கள்?" என்கிறார் வீட்டம்மா.

இனி வரும் ஒரு மணி நேரம்தான் முக்கியமானது. சில வீடுகளில் என்ன நடக்கிறது? வேலை செய்பவரின் பெட்டியைக் கொட்டுகிறார்கள். அவரை அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். அக்கம்பக்கத்தார் கூடி விடுகிறார்கள். ஒருவர் கன்னத்தில் அறைகிறார். "இரண்டு அடி போட்டால் உண்மை வரும்" என்கிறார் இன்னொருவர். அடி பொறுக்காதவர் செய்யாததையும் செய்தேன் என்று சொல்லி விடுவார். அதனால் சங்கிலி கிடைத்து விடுமா?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் நடப்பில் உள்ளது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. வேலைக்கு இருப்பவர் முதலாளியின் பொருளைத் திருடினால் இதன் 306-வது பிரிவின்படி 7 வருடம் வரை சிறை உண்டு. அபராதமும் உண்டு. சாதாரணத் திருட்டுக்கு 3 வருடம் வரைதான். நம்பி ஒப்படைத்த இடத்தில் திருடினால் தண்டனை கூடுதல்.

அதே சட்டத்தில் 120-வது பிரிவும் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்க ஒருவரை அடித்துக் காயப்படுத்தினால் அதற்கும் 7 வருடம் வரை சிறை. அடித்தவர் வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, போலீஸ்காரராக இருந்தாலும் சரி. அறையில் பூட்டி வைப்பது தனிக் குற்றம். அதற்கு ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

ஆகவே முதல் வேலை, நிதானமாகத் தேடுவது. சங்கிலியைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? அதன் பிறகு வீட்டுக்கு யார் யார் வந்தார்கள்? குழாய் ரிப்பேருக்கு வந்தவர், பெயின்ட் அடித்தவர், ஊரிலிருந்து வந்த உறவினர் எல்லாரையும் எழுதிப் பார்க்க வேண்டும். பாட்டியையும் கேட்க வேண்டும். திருடனுக்குப் பயந்து தலையணை உறைக்குள்ளும் அரிசி டப்பாவிலும் நகையை வைத்து மறந்து போகிற பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நம்பியவரே எடுப்பதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது நகையில் தொடங்காது. காய்கறிக் கணக்கில் 20 ரூபாய், சட்டைப் பையில் 100 ரூபாய் என்று தொடங்கும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, முன்பணம் கேட்கப் பயம் என்று எடுத்தவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும் திருட்டு திருட்டுதான். ஆனால் ஒரு நோட்டில் தினமும் கணக்கு எழுதி இருவரும் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். சில வீடுகளில் தினமும் மாலையில் வேலை செய்பவரின் பையைச் சோதிக்கிறார்கள். அவமானம்தான் மிச்சம். கணக்கு நோட்டு யாரையும் அவமானப்படுத்தாது.

வேலையை விட்டு நிறுத்துவதென்றால் நிறுத்தலாம். செய்த வேலைக்குச் சம்பள பாக்கி இருந்தால் அதைக் கொடுத்து விட வேண்டும். அது வேறு கணக்கு.

தேடியும் கிடைக்கவில்லையா? போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். என்ன பொருள், என்ன எடை, எப்போது காணாமல் போனது என்று எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுத வேண்டும். "இவர்தான் எடுத்தார்" என்று கண்ணால் பார்க்காமல் எழுதக் கூடாது. பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். டெல்லி போன்ற நகரங்களில் துணை ஆணையருக்கு அனுப்பலாம்.

இனி அந்தப் பெண்ணின் பக்கம் பார்ப்போம். புகார் வந்தவுடனே கைது செய்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்தில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம். கைது செய்தால் அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு, விடியும் முன் கைது செய்யக் கூடாது. மிக அவசரமானால் பெண் போலீஸ் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் அனுமதி பெற்றுத்தான் கைது செய்யலாம். உடம்பைச் சோதிப்பதும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். கைது பற்றி உறவினருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

"நான்தான் எடுத்தேன்" என்று போலீசிடம் சொன்னதை மட்டும் வைத்து நீதிமன்றம் தண்டிக்காது. ஆனால் அவர் சொன்ன இடத்தில் நகை கிடைத்தால் அது சாட்சியம் ஆகும்.

கையெழுத்து விஷயம் ஒன்று உண்டு. விசாரணையில் ஒருவர் சொல்வதைப் போலீஸ் எழுதிக் கொள்ளலாம். ஆனால் அதில் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வெள்ளைத் தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னால் மறுத்து விடலாம். வேறு தாள் எதுவானாலும் முதலில் படிக்க வேண்டும். தெரியாத மொழியில் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். வீட்டம்மா கொடுக்கும் புகாருக்கும் இது பொருந்தும். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சங்கிலி அடகுக் கடையில் கிடைத்தது என்று வைத்துக் கொள்வோம். அது நேரே வீட்டுக்கு வராது. வழக்குப் பொருளாக நீதிமன்றத்தில் காட்டுவார்கள். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நகைக் கடை ரசீதும், சங்கிலி போட்டு எடுத்த பழைய போட்டோவும் இருந்தால் நல்லது. அவற்றை வைத்து மனு கொடுத்து, ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிக் கொள்ளலாம்.