பாம்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

பிரிட்டனில் நாய் வளர்ப்பவர் பத்து நாள் வெளியூர் கிளம்பினால் அதை விட்டுச்செல்லக் காப்பகம் இருக்கிறது. பூனைக்கும் இருக்கிறது. 1963-இல் விலங்குக் காப்பகங்களுக்கென்று வந்த சட்டத்தில் இடம்பெற்றவை நாயும் பூனையும் மட்டுமே. 2018-இல் இங்கிலாந்தில் உரிம விதிகளைப் புதிதாக எழுதியபோதும், தங்கவைத்துப் பராமரிக்கும் தொழில் என்ற இடத்தில் அந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இதற்கிடையே பாம்பு அந்நாட்டு வீடுகளுக்குள் வந்து, கூடத்து மூலையில் கண்ணாடிப் பெட்டியில் குடியேறிவிட்டது. வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் அதை யார் பார்ப்பது என்பதை வளர்ப்பவர்களே தங்களுக்குள் தீர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பழைய வழிகளில் ஒன்று, கையோடு கூட்டிப்போவது. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ், எமிலி ஸ்பினாச் என்று பெயர் வைத்திருந்த பச்சைப் பாம்பை விருந்துகளுக்கே எடுத்துப்போவார். அதிபர் மகளுக்கு அது செல்லும். விமானம் ஏறி ஸ்பெயின் கடற்கரைக்குப் போகிற சாமானியருக்குச் செல்லாது.

1970, 80-களில் பாம்பு வளர்த்தவர் ஊருக்குப் போவதென்றால் ஒரு குட்டிப் பண்ணையையே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். பெட்டி பல நேரம் அவரே பலகை அடித்துச் செய்ததாக இருக்கும். சூட்டுக்குச் சாதாரண குண்டு பல்பு. காலையில் போட, இரவில் அணைக்க ஆள் வேண்டும். குளிர் கூடினால் பெரிய பல்பு, வெயில் அடித்தால் சின்ன பல்பு என்று மாற்றுகிற பக்குவமும் அந்த ஆளுக்கு வேண்டும். 80-களில் கடைகளில் விற்ற சூட்டுக்கல், அதாவது உள்ளே மின்கம்பி வைத்து வார்த்த செயற்கைக் கல், இந்தத் தொல்லையைக் குறைக்கும் என்று நம்பி வாங்கினார்கள். அது பாம்பின் வயிற்றைச் சுட்டது. அடியிலிருந்து ஏறும் கடுஞ்சூட்டை உணர்ந்து விலகுவதில் பாம்பு மந்தம். சுற்றிலும் காற்று குளிர்ந்திருந்தால் தோல் வெந்த பிறகும் கல்லைவிட்டு இறங்காது. ஆள் இருந்த வீட்டிலேயே இந்தக் கதி என்றால் இல்லாத வீட்டைக் கேட்கவா வேண்டும்.

தீனி அதைவிடத் தலைவலி. அன்றைக்குப் பலர் போட்டது உயிருள்ள எலி. ஆகவே பாம்பைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் எலிக்கூண்டையும் அதன் நாற்றத்தையும் சேர்த்து ஏற்க வேண்டும். எலியைப் பெட்டிக்குள் விட்டதும் கடமை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டு போகவும் முடியாது. பாம்பு எலியைத் தின்னும் என்பது ஊரறிந்த விஷயம். பசியில்லாமல் சுருண்டு கிடக்கும் பாம்பை எலி கடித்துக் குதறும் என்பது வளர்த்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். முதுகில் எலும்பு தெரியுமளவு கடிபட்ட பாம்புகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அப்போது விற்பனைக்கு வந்த பால் பைதான் என்ற மலைப்பாம்புகள் பலவும் மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் பிடித்தவை. உடம்பில் உண்ணி, குடலில் புழு, மாதக்கணக்கில் உண்ணாவிரதம். இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட முடியுமா? இன்னொரு பாம்பு வளர்ப்பவரைத்தான் தேட வேண்டியிருந்தது. 1947-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹெர்ப்பெட்டாலஜிக்கல் சொசைட்டி போன்ற சங்கங்களிலும் ஊர்க் குழுக்களிலும் கிடைத்த சிநேகிதம் இதற்குத்தான் கைகொடுத்தது. கோடையில் உன்னுடையதை நான் பார்க்கிறேன், கிறிஸ்துமஸுக்கு என்னுடையதை நீ பார் என்று.

இன்றைய ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்துவிட்டுப் போகும் ஒரு தாளைப் படித்தால் போதும். முதல் வரியே, “தீனி போடாதீர்கள்.” அதன் கீழே இரண்டு கோடு.

கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுண்டெலி போதும். பால் பைதான் இன்னும் தள்ளிப்போட்டாலும் கவலைப்படாது. பாம்புக்குச் செரிமானம் வெளிச்சூட்டை நம்பி நடக்கிறது. தின்ற மறுநாள் ஃபியூஸ் போய்ப் பெட்டி குளிர்ந்தால் இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும், பாம்பு கக்கிவிடும். வெறும் வயிற்றோடு இருக்கும் பாம்புக்கு ஒருநாள் குளிர் அத்தனை ஆபத்தில்லை. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கடைசி இரையைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அந்த இரையும் இப்போது ஃப்ரீசரிலிருந்து வருகிறது. உறைந்த சுண்டெலியைக் கரையவிட்டு, வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டினால் சரி. பண்ணையில் பொரித்து வளர்த்த பாம்புகள் இதை மறுப்பது குறைவு.

தாளின் மற்ற வரிகள் எளியவை. தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். எச்சம் கண்டால் கரண்டியால் அள்ளுங்கள். கண் நீலம் பாரித்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது, தொடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கடைசியாக, நழுவும் கண்ணாடியில் பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். இந்தக் கடைசி வரிக்குத்தான் நான் மூன்று கோடு போட்டிருப்பேன். குடும்பங்கள் ஊருக்குப் போகும் கோடைதான் பாம்புக்கும் சுறுசுறுப்பு மிகும் காலம். விரற்கடை இடைவெளி கிடைத்தால் தலை நுழையும். தலை நுழைந்தால் மீதி தானாக வரும்.

சூட்டைப் பற்றித் தாளில் ஒன்றுமே இருக்காது. அதைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. பால் பைதானுக்குப் பெட்டியின் ஒரு முனையில் 31, 32 டிகிரி, மறுமுனையில் 26 டிகிரி என்று அமைத்துவிட்டால் பல்பைப் போட்டு அணைக்க யாரும் வர வேண்டாம். கேமரா வைத்தவர் கடற்கரையில் படுத்தபடியே பாம்பைப் பார்க்கிறார். பார்த்துப் பார்த்து விடுமுறையைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பாம்பு மூன்று நாள் மறைவிடத்தைவிட்டு வராவிட்டால், காவலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் பெட்டி காலி என்று அலறியடித்துப் போன் செய்வார். அது தேங்காய் நார்த்தூளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

கருவிகள் புதிய கோளாறுகளையும் கொண்டுவந்தன. தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பியைப் பாம்பு உடம்பால் தள்ளிக் குளிர்ந்த மூலைக்குக் கொண்டுபோய்விட்டால், இன்னும் குளிர்கிறது என்று நம்பி ஹீட் மேட் என்ற சூட்டு விரிப்பு சூடேறிக்கொண்டே இருக்கும். பழைய பல்புக்காரருக்கு இந்தப் பயம் கிடையாது. மின்சாரமே போனால் எல்லாமே போச்சு. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் பனிப்புயலில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. அப்படி ஓர் இரவில் போனில் கேமராப் படம் மறைந்த பிறகு, சாவி வைத்திருக்கும் ஒரு மனிதர் நேரில் போய்ப் பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயை முடிச்சிட்டு, வெந்நீர்ப் புட்டியோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்தால்தான் உண்டு. புட்டி பாம்பின்மேல் படாதபடி துணி சுற்ற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தில் இப்படிப்பட்ட ஒருவருக்கு விருந்து வைக்கலாம்.

பாம்பையே கொண்டுபோய்க் கடையில் விட்டுவருவதும் இன்று நடக்கிறது. ஊர்வன விற்கும் சில கடைகள் கட்டணத்துக்குத் தங்கவைக்கின்றன. ஆனால் இங்கேதான் இன்றைய வளர்ப்பவர் அன்றையவரைவிட அதிகம் தயங்குகிறார். ஒரு பெட்டியில் உண்ணி இருந்தால் கடை முழுக்கப் பரவும். அது அன்றைக்கும் தெரியும். பைதான்களுக்கு மூச்சுத்திணறல் தரும் நிடோவைரஸை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டது 2014-இல். பாம்புக்குச் சளி பிடித்துவிட்டது என்று முன்பு விட்டுவிட்டதைப் பரிசோதித்துப் பார்க்கும் காலம் இது. அதனால் தனி அறை உண்டா, என் சொந்தப் பெட்டியோடு வைப்பீர்களா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுப் பலர் கடைசியில் வீட்டிலேயே விட்டுச்செல்கிறார்கள்.

சாவி வாங்கியவருக்கும் பிரிட்டனில் இன்று சட்டப் பொறுப்பு உண்டு. 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி ஒரு விலங்கைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவரும் அதன் தேவைகளுக்குப் பொறுப்பாளிதான். நச்சுப்பாம்பு என்றால் கதையே வேறு. 1976-இன் அபாயகர வனவிலங்குச் சட்டத்தில் வாங்கிய உரிமத்தில் யார் குறிப்பிடப்பட்டிருக்கிறாரோ அவர் மட்டுமே அதை வைத்துப் பராமரிக்கலாம். நாகம் வளர்ப்பவர் நினைத்த நேரத்தில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது.

நம் ஊரில் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பால் பைதான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகள் சென்னை, பெங்களூரு வீடுகளுக்கு வந்திருக்கின்றன; பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சென்னையில் கவலையும் தலைகீழ். ஹீட் மேட் சும்மா கிடக்கும் மாதங்களே அதிகம். மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அறை 35 டிகிரியைத் தாண்டும். அதற்குமேல் நாள் முழுக்கத் தாங்க மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பாலும் முடியாது. லண்டன்காரர் குளிருக்குப் பயந்து ஆள் தேடுகிறார். இங்கே மதியம் இரண்டு மணிக்கு வந்து ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட, அல்லது பெட்டியைத் தரைத்தள வீட்டுக்கு இறக்கிவைக்கச் சம்மதிக்கும் ஆள் வேண்டும். கிண்ணத்தில் ஊற்ற வேண்டியது தண்ணீர்தான், பால் இல்லை என்பதையும் அவரிடம் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.