தொக்கணம் பழகும் கைகள்

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால், ஊருக்குள் காலில் பிறந்தவர் யார் என்று விசாரிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தலைக்கு முன்னால் கால் வெளிவந்து பிறந்த ஆள் லேசாக மிதித்துவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெய் போட்டு நீவினாலும் குணமாகும் என்பார்கள். கைக்குழந்தை கழுத்தைத் திருப்பாமல் வீரிட்டு அழுதால், 'பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கு' என்று சேலைக்குள் போட்டு இரு முனையையும் பிடித்து உருட்டி எடுக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். குடலேற்றம் தட்டுகிறவர், ஜல்லிக்கட்டில் தோள் பிசகியவனுக்கு எண்ணெய்க் கட்டு போடுகிறவர், முடிவெட்டி முடித்ததும் கழுத்தில் சொடக்கு எடுக்கும் சலூன்காரர் என்று இந்த வரிசை நீளமானது.

இவர்களில் சிலருக்கு உண்மையிலேயே நல்ல கை வாய்த்திருக்கிறது. ஆனால் அந்தத் திறமையைப் பிறப்போடும் ராசியோடும் முடிச்சுப் போட்டுவிட்டதால், இது முறையாகப் படித்துப் பழகக்கூடிய தொழில் என்பது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணோ பையனோ இதைப் படித்துவிட்டு அரசு சித்த மருத்துவப் பிரிவில் வேலைக்குச் சேரலாம். இந்தச் செய்தி போய்ச் சேராத வீடுகள் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் நிறைய இருக்கின்றன. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சித்த மருத்துவம் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தை 32 வகையாகவும், வெளியே செய்யும் மருத்துவத்தை 32 வகையாகவும் பிரித்திருக்கிறது. பற்று, ஒற்றடம், வேது, கட்டு, பொடி திமிர்தல், அட்டை விடல் ஆகியவை இருக்கும் அந்தப் புற மருத்துவ வரிசையில் தொக்கணமும் ஒன்று. தைலம் தடவியோ தடவாமலோ, கையால் உடம்பைப் பிடித்து விடுவதுதான் தொக்கணம். அதிலும் ஒன்பது முறைகள் உண்டு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். 19ஆம் நூற்றாண்டின் டச்சு மருத்துவர் யோகான் மெஸ்கர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மேலைநாட்டு மசாஜிலும் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்றே பாகுபாடு. உடம்பு எங்கும் ஒன்றுதான் என்பதால் கைகளும் ஏறத்தாழ ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்குப் பிடித்த வேறுபாடு ஒன்று உண்டு. தொக்கணம் மூட்டை அசைப்பதையும் ஆளைத் திருப்பிப் போடுவதையும் தன் வரிசைக்குள்ளேயே வைத்திருக்கிறது. தசையைத் தனியாகவும் மூட்டைத் தனியாகவும் அது பார்ப்பதில்லை.

அழுத்தினால் ஏன் வலி குறைகிறது? தோலிலும் தசையிலும் இருக்கும் நரம்பு நுனிகளில், அழுத்தம் பட்டதும் திறந்துகொள்ளும் நுண்ணிய புரதக் கதவுகள் உண்டு. 'பியசோ' என்ற அந்தப் புரதங்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ஆர்டெம் பட்டாபூட்டியன் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கதவு திறந்ததும் மின் செய்தி கிளம்பி, தடித்த நரம்பிழைகள் வழியே மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தண்டுவடத்துக்குப் போகிறது. மந்தமாகக் குடையும் வலியைக் கொண்டுபோகும் இழைகளோ மிக மெல்லியவை. மனிதன் நடக்கிற வேகம்தான் அவற்றுக்கு. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கும் இடத்தில், அழுத்தச் செய்தி வலிச் செய்தியை ஓரளவு தடுத்து நிறுத்துகிறது என்று ரொனால்டு மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் விளக்கினார்கள். அவர்கள் சொன்னதில் சில நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன. ஆனாலும் முழங்காலை இடித்துக்கொண்டவன் தன்னையறியாமல் அந்த இடத்தைத் தேய்ப்பதற்கான அடிப்படைக் காரணம் அதுவே.

இன்னொரு வகை இழைகளும் உண்டு. ரோமம் உள்ள தோலில் இருக்கும் இவை மென்மையான, மெதுவான வருடலுக்கு மட்டும் நன்றாகப் பதில் சொல்லும். நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரையான வேகம் அவற்றுக்கு உகந்தது. அதாவது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீவி வருவதற்குச் சுமார் எட்டு நொடி எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அவசர அவசரமாகத் தேய்ப்பவர் கையில் சூடு பிறக்கும். படுத்திருப்பவர் உடம்பு தளராது. அமெரிக்காவில் டிஃபானி ஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிடம் வருடி, கைகால்களை மடக்கி நீட்டினார்கள். பத்து நாளில் அந்தக் குழந்தைகள், வருடல் பெறாத மற்றக் குறைமாதக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக எடை கூடியிருந்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு மேல் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் நம் பாட்டிகளின் கைக்கு இது நல்ல சான்று. மூக்கில் ஊதுவதையும் காதில் எண்ணெய் விடுவதையும் மட்டும் அவர்கள் விட்டுவிட வேண்டும்.

தவறான விளக்கங்களும் இந்தத் தொழிலில் உலவுகின்றன. பிடித்து விட்டால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறும் என்று பயிற்சி மையங்களில்கூடச் சொல்கிறார்கள். 2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், கடும் உடற்பயிற்சி செய்த இளைஞர்களின் தொடைத் தசையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் பெற்ற காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமில அளவில் மாற்றமே இல்லை. பலன் இருக்கிறது, நாம் சொல்லி வந்த காரணம்தான் தப்பு.

இனி, கை எப்படிப் பழகுகிறது என்பதற்கு வருவோம். மேலைநாட்டு ஆஸ்டியோபதி மாணவர்களுக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. ஒரு தலைமுடியைப் புத்தகத் தாளுக்கு அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அதைத் தேட வேண்டும். கண்டுபிடித்ததும் மேலே இன்னொரு தாள், பிறகு மூன்றாவது தாள். எத்தனை தாளுக்கு அடியில் முடியை உணர முடிகிறது என்பதை வைத்துக் கையின் கூர்மையை அளக்கிறார்கள். வேகமாக அழுத்தித் தேடுகிறவர்களுக்கு அது தட்டுப்படாது. விரலைத் தளர்த்தி, பொறுமையாக விட்டால்தான் தெரியும். பயிற்சி இல்லாத கையின் முதல் குறையே அளவுக்கு மீறிய பலம்தான். வலி உள்ள இடத்தில் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு குணம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உடம்போ வலிக்கு எதிராக இன்னும் இறுகிக்கொள்கிறது.

அழுத்தத்தை அளந்து கொடுக்கும் கலையில் நம் வர்ம ஆசான்கள் மிக நுட்பமானவர்கள். கன்னியாகுமரிப் பக்கம் ஊன்றி வளர்ந்த அந்த மரபு உடம்பில் 108 வர்ம இடங்களைச் சொல்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. விரலின் விசையைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, முழு மாத்திரை என்று பிரித்திருக்கிறார்கள். மருத்துவத்துக்குச் சிறிய மாத்திரை. முழு மாத்திரை ஆளைச் சாய்க்கும் என்பது அவர்கள் கணக்கு. அடி பட்டு விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறை தெரியாதவனுக்கு அடிக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். வர்ம இடங்களில் ஓடும் சக்தி குறித்து மரபு சொல்வதை நவீன உடற்கூற்றியல் அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும், மாணவனின் குணத்தைப் பல ஆண்டு பார்த்த பிறகே கையைத் தொட்டுக் காட்டிய அந்தக் கண்டிப்பு, பதினைந்து நாளில் சான்றிதழ் தரும் இன்றைய மையங்களுக்கு அவசியம் தேவை.

ஏனென்றால் இந்தத் தொழிலில் எங்கே தொடக்கூடாது என்பதுதான் மிகக் கடினமான பாடம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகவும் சிவந்தும் இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்துவிட்டால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்கு வலி தெரியாது. சூடான ஒற்றடம் கொப்புளமாகும்வரை அவர் பேசாமல் படுத்திருப்பார். எலும்பு தேய்ந்த பாட்டியின் முதுகை மிதிப்பது முறிவில் முடியலாம். சலூனில் கழுத்தைத் திடீரென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்தச் சொடக்குச் சத்தம் மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. எலும்பு இடத்தில் போய் உட்காருகிறது என்று நினைத்துப் பரவசப்பட வேண்டியதில்லை. வாய் கோணி, ஒரு பக்கம் கைகால் விழுந்தவரை நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இங்கே நடக்கிறது. ரத்தக் குழாய் அடைப்பால் வந்த வாதத்துக்கு உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய மருத்துவமனைதான் முதலில். வர்மமும் தொக்கணமும் உயிர் தப்பிய பிறகான மாதங்களுக்கு உரியவை.

படிப்புக்கு வழிகள் உண்டு. மருத்துவராக வேண்டுமென்றால் நீட் எழுதி, பி.எஸ்.எம்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டுச் சித்த மருத்துவப் பட்டம் படிக்கலாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. மதுரையிலிருந்து ரயிலில் சில மணி நேரப் பயணம்தான். புற மருத்துவமும் வர்மமும் அங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. மருத்துவரின் குறிப்புப்படி கையால் சிகிச்சை செய்யும் வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கு நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு இருக்கிறது. இரண்டரை ஆண்டு, பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும், பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் தமிழக அரசே நடத்துகிறது. உடற்கூறு, நோயாளியைப் பராமரித்தல், புறச் சிகிச்சைகள் என்று பாடங்கள் போகும். மாவட்டந்தோறும் அரசு சித்தப் பிரிவுகளுக்குச் 'சிகிச்சை உதவியாளர்' பணிக்கு ஆள் எடுக்கும்போது கேட்பது இந்தப் பட்டயத்தைத்தான். பெரும்பாலும் தொகுப்பூதியப் பணி, பெரிய சம்பளம் இல்லை. ஆனால் தனியாரிடம் போனாலும் மதிப்புள்ள கல்வி அது. பரம்பரை வைத்தியர் வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பக்கம் திரும்புவது நல்லது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்று கேரளப் பாரம்பரிய வைத்தியர்களின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேலைக்கு மதுரைப் பக்கம் பஞ்சம் இருக்காது. மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களின் தோள், விடியும் முன்னே மல்லிகை மொட்டுக் கிள்ளும் பெண்களின் கட்டைவிரல் அடி, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் போட்டு மரத்த விரல்கள், பஸ் டிரைவர்களின் இடுப்பு, தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் வருகிற இளைஞர்கள். வாதத்துக்கு உளுந்துத் தைலமோ வாதகேசரித் தைலமோ, அடிபட்ட இடத்துக்குக் காயத்திருமேனித் தைலமோ மருத்துவர் எழுதித் தருவார். அதை எந்த அழுத்தத்தில், எந்தத் திசையில், எத்தனை நேரம் என்பது தெரபிஸ்ட்டின் கையில் இருக்கிறது.

மகளை இந்தப் படிப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் மனதில் 'ஸ்பா' என்ற சொல்லும் போலீஸ் ரெய்டு செய்திகளும்தான் இருக்கும். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் மருத்துவமனைத் தொக்கணத்தில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதே நடைமுறை. தொடும் முன் சொல்லிக் கேட்பதும், தேவையில்லாத இடத்தைத் துணியால் மூடி வைப்பதும் அந்தப் பயிற்சியின் பகுதி. ஸ்பாக்களுக்குள் கேமரா வைக்கச் சொல்லலாமா என்ற கேள்வி வந்தபோது, அது உடல்சார்ந்த அந்தரங்க உரிமையில் கை வைப்பதாகும் என்று 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. தொழிலை ஒட்டுமொத்தமாகச் சந்தேகப்படுவது சட்டத்தின் வழி அல்ல என்பதை அந்தத் தீர்ப்பில் நான் பார்க்கிறேன்.

படிக்கிற பிள்ளைகள் தங்கள் உடம்பையும் கவனிக்க வேண்டும். கட்டைவிரலை மட்டும் நம்பி அழுத்துகிறவருக்குச் சில ஆண்டுகளில் விரலடி மூட்டு தேய்ந்து தொழிலையே விட வேண்டி வரும். முழங்கையை நீட்டி, ஒரு காலை முன்வைத்து, உடம்பின் எடையைச் சாய்த்துக் கொடுக்கப் பழகினால் விசை உடம்பிலிருந்தே வரும். கட்டில் தொடை உயரத்துக்கு இருக்க வேண்டும். உயரமான கட்டிலில் வேலை பார்த்தால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து பிடிக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, ஒவ்வொரு ஆளுக்கும் முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தொடர்ந்து ஆள் பார்க்காமல் இடையில் விரலை விரித்து மடக்கி ஓய்வு கொடுக்க வேண்டும். நல்ல பயிற்சி மையம் இதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லித் தரும்.