அளந்து வாங்குவோம்



கைப்பேசி வழியே மலிவாகப் பஞ்சாபி உடை வாங்கும் காலம் இது. வந்த உடை இறுகினால், பாடுபட்டுச் சேர்த்த வெள்ளி வீண்தானே?

'எம்', 'எல்' என்னும் எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள். அவை கடைக்குக் கடை மாறும். உங்களுக்கு நன்கு பொருந்தும் சட்டையைச் சமமாக விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். 19 அங்குலம் என்றால் சட்டையின் மார்புச் சுற்று 38 அங்குலம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர், ஆகவே ஏறத்தாழ 96.5 சென்டிமீட்டர்.

இதைக் கடைக்காரரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் உள்ளது உடையின் அளவா, உடலின் அளவா என்று முதலில் கேட்டறியுங்கள். உடலின் அளவென்றால், நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்து அளந்து பாருங்கள்.

பருத்தித் துணி துவைத்தால் சுருங்கக்கூடும்; சற்றுத் தளர்வாகவே வாங்குங்கள். அளந்தபின் பணம் கட்டுவதே சிக்கனம்.