கியர் ராடும் நெம்புகோலும்

பேருந்தில் ஓட்டுநருக்கு அருகே இடம் கிடைத்தால் அவருடைய இடது கையைச் சற்றுக் கவனியுங்கள். தரையிலிருந்து நீண்டு நிற்கும் கியர் ராடைப் பிடித்து, தோளிலிருந்தே கையை வீசிக் கியர் மாற்றுவார். விளையாட்டுக் கார் எனப்படும் சிறிய, வேகமான கார்களில் இதே வேலை மணிக்கட்டின் அசைவிலேயே முடிந்துவிடும். அங்கே ராடு ஒரு சாண் உயரந்தான் இருக்கும்.

அந்த அசைவும் அதிகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே 'ஷார்ட் ஷிஃப்டர்' என்ற பெயரில் வேறொரு ராடு கடைகளில் விற்கப்படுகிறது. தொழிற்சாலை பொருத்தித் தந்த ராடைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொண்டால் கை நகரவேண்டிய தூரம் குறைகிறது. மாட்டியவர்கள் "தொட்டாலே கியர் விழுகிறது" என்று மகிழ்ந்து சொல்வார்கள். தூரம் குறைந்தது உண்மை. ஆனால் அதற்குரிய விலை என்ன, அதைக் கொடுப்பது யார்? ஒன்பதாம் வகுப்பு இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்.5 மியாட்டா என்ற திறந்த காரை அறிமுகப்படுத்தியது. இருவர் மட்டுமே அமரக்கூடியது. லோட்டஸ் எலான் போன்ற 1960களின் பிரிட்டிஷ் கார்களின் வழியில் வந்தது. 2016இல் பத்து லட்சமாவது மியாட்டா தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது என்றால் அதன் செல்வாக்கை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இதில் எஞ்சின் முன்னால் நீளவாக்கில் இருக்கிறது. அதற்குப் பின்னால் கியர் பெட்டி. பெட்டியின் வால்பகுதி இரு இருக்கைகளுக்கும் நடுவே வந்துவிடுவதால், கியர் ராடு நேராகப் பெட்டியின் தலைமேலேயே நிற்கிறது. இடையில் வேறு கம்பியோ வடமோ கிடையாது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் கார்களில் ராடுக்கும் பெட்டிக்கும் நடுவே வடங்கள் ஓடும். கணக்கு அங்கேயும் ஒன்றுதான். ஆனால் மியாட்டாவில் அது கண்ணுக்கே தெரிகிறது.

கியர் ராடைக் கழற்றிக் கையில் எடுத்தால் என்ன தெரியும்? மேல்முனையில் நாம் பிடிக்கும் குமிழ். கீழ்ப்பகுதியில் ஓர் உலோக உருண்டை. அந்த உருண்டைக்கும் கீழே சிறிது நீளம் ராடு தொடர்ந்து, கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு தண்டின் குழியில் போய் உட்காருகிறது. உருண்டை தன் கிண்ணத்தில் சுழலும்போது மேல்முனை முன்னே போனால் கீழ்முனை பின்னே போகும். ஆம், இது முதல் வகை நெம்புகோல். உருண்டைதான் ஆதாரப்புள்ளி. குமிழில் முயற்சி, கீழ்முனையில் பளு. கடப்பாரையால் கல்லைப் புரட்டும்போது நடப்பதே இங்கும் நடக்கிறது.

கணக்குக்காகச் சில எளிய எண்களை வைத்துக்கொள்வோம். உருண்டைக்கு மேலே 200 மில்லிமீட்டர், கீழே 40 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள விகிதம் 5. உள்ளே இருக்கும் தண்டு ஒரு கியரில் விழ 10 மில்லிமீட்டர் நகரவேண்டும், அதற்கு 150 நியூட்டன் விசை வேண்டும் என்போம். அப்படியானால் கை 50 மில்லிமீட்டர் நகரும். கொடுக்கவேண்டிய விசை 30 நியூட்டன். ஏறக்குறைய மூன்று கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை இது.

இப்போது ஷார்ட் ஷிஃப்டரைப் பொருத்துவோம். பெட்டிக்குள் இருக்கும் குழி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே கீழ்க்கையை நீளமாக்கவேண்டுமானால் ஆதாரப்புள்ளியை மேலே தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 10 மில்லிமீட்டர் தூக்கினோம் என்று கொள்வோம். குமிழின் உயரம் மாறவில்லை. மேலே 190, கீழே 50. விகிதம் 3.8 ஆகிவிட்டது. தண்டு அதே 10 மில்லிமீட்டர் நகரக் கை 38 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். ஆனால் விசை 30 நியூட்டனிலிருந்து சுமார் 39.5 நியூட்டனுக்கு ஏறிவிட்டது.

விசையைத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள். பழைய ராடில் 30 நியூட்டன், 0.05 மீட்டர்: 1.5 ஜூல். புதிய ராடில் 39.5 நியூட்டன், 0.038 மீட்டர்: அதே 1.5 ஜூல். செய்த வேலை மாறவே இல்லை. கை, தூரத்தில் மிச்சம்பிடித்ததை விசையில் செலுத்திவிட்டது. பேருந்தின் ராடு ஏன் அவ்வளவு நீளம் என்பதும் இப்போது விளங்கியிருக்கும். அங்கே பளு பெரிது. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான தடவை கியர் மாற்றுகிற ஓட்டுநரின் தோளைக் காப்பது அந்த நீளந்தான்.

விகிதத்தைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. ஆதாரப்புள்ளியைத் தொடாமல் மேல்முனையை 50 மில்லிமீட்டர் வெட்டிவிடலாம். 150க்கு 40, விகிதம் 3.75. ஏறத்தாழ அதே பலன். ஆனால் குமிழ் தாழ்ந்துவிடுவதால் ஸ்டியரிங்கிலிருந்து கை இறங்கவேண்டிய தூரம் கூடிவிடும். மலிவான வழிதான், எனினும் எனக்கு இதில் விருப்பமில்லை.

இனி, இதை எப்படி மாட்டுகிறார்கள் என்று பார்ப்போம். மியாட்டாவில் இந்த வேலைக்குக் காரின் அடியில் படுக்கவேண்டியதில்லை. காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைக்கவேண்டும். குமிழைத் திருகினால் கழன்று வரும். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பிளாஸ்டிக் பெட்டகத்தைத் திருகாணிகளைக் கழற்றித் தூக்கிவிட்டால், கீழே ரப்பர் உறைகள் தென்படும். மேலுறையை விலக்கியபின் ராடைப் பிடித்திருக்கும் தகட்டை மூன்று போல்ட்கள் இறுக்கியிருக்கும். அவற்றை எடுத்ததும் ராடு நேராக மேலே வந்துவிடும். திறந்த குழியைச் சுத்தமான துணியால் மூடுவது அவசியம். அதற்குள் ஒரு போல்ட் விழுந்தால் அன்றைய பொழுது போயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, ராடின் கீழ்முனையைப் பார்க்கவேண்டும். அதில் ஒரு நைலான் புஷ் தொப்பிபோல மாட்டியிருக்கும். உலோகம் உலோகத்தில் உராயாமல் காப்பது அதுதான். பல ஆண்டு ஓடிய கார்களில் அது தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கும். கீழ்முனையில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் குமிழில் அது எவ்வளவாகத் தெரியும்? விகிதம் 5 அல்லவா? இரண்டரை மில்லிமீட்டர். கியர் ராடு 'லொடலொட' என்று ஆடுவதற்கும், கியர் சரியாக விழவில்லை என்ற குறைக்கும் பெரும்பாலும் இந்தச் சிறு புஷ்ஷே காரணம். அதோடு, ராடு நிற்கும் குழியில் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். சுமார் 90 மில்லிலிட்டர்தான். ரப்பர் உறை கிழிந்தால் அந்த எண்ணெய் வெளியே தெறித்துவிடும், பெட்டியின் சூடும் இரைச்சலும் உள்ளே வந்துவிடும். ஆகவே பழைய காரை வைத்திருப்பவர் முதலில் புஷ், உறை, எண்ணெய் ஆகிய மூன்றையும் மாற்றி ஓட்டிப் பார்க்கட்டும். பலருக்கு அதற்குப் பிறகு ஷார்ட் ஷிஃப்டரே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

புதிய ராடை இறக்கும்போது புஷ் குழியில் சரியாக அமர்ந்ததா என்று பார்த்து, எண்ணெய் ஊற்றி, தகட்டை இறுக்கவேண்டும். உறை அலுமினியத்தால் ஆனது. வீரத்தைக் காட்டி இறுக்கினால் மரை அழிந்துவிடும். எஞ்சினைக் கிளப்பும் முன்பே கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களிலும் முழுவதுமாக விழுகிறதா என்று சரிபார்ப்பார்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. கனமான பற்சக்கரங்களைக் காக்கச் சில எண்ணெய்களில் கந்தகச் சேர்மங்களை நிறையக் கலப்பார்கள். எஃகுக்கு அது நல்லது. ஆனால் செம்பு கலந்த உலோகங்களைச் சூட்டில் அது அரிக்கக்கூடும். கியர் பெட்டிக்குள் பித்தளை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் நம் கதையின் முக்கியமான பாத்திரம் இருக்கிறது.

கியர் மாற்றுவது என்றால் பற்சக்கரங்களை நகர்த்திப் பொருத்துவது என்றே பலரும் நினைக்கிறோம். இன்றைய பெட்டிகளில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் சக்கரங்கள் எப்போதும் ஒன்றையொன்று கவ்வியபடியே சுழல்கின்றன. நாம் நகர்த்துவது ஒரு வளையத்தை. அது வேண்டிய பற்சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டவேண்டிய இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால்தான் சத்தமின்றிப் பூட்டமுடியும். அதற்காகக் கூம்பு வடிவில் ஒரு பித்தளை வளையம் முதலில் உராய்ந்து வேகங்களைச் சமன்செய்கிறது. சமமாகும் வரை பூட்டும் வளையத்துக்கு வழிவிடாமல் மறித்து நிற்கிறது. இதைச் சிங்க்ரோ வளையம் என்பார்கள். இந்த வகை அமைப்பை உருவாக்கியவர் ஏர்ல் தாம்ப்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1928இல் காடிலாக் கார்களில் அது வந்தது. அதற்கு முன் ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்து, காதால் கேட்டே வேகத்தைச் சமன்செய்தார்கள்.

மியாட்டாவின் முதல் மாதிரியில் இரண்டாம் கியர் விகிதம் 1.888, மூன்றாவது 1.330. எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் இருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால், கிளட்ச் தட்டும் அதோடு இணைந்த தண்டும் ஏறத்தாழ 4930 சுற்றுக்கு இறங்கவேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் 2000க்கு மேற்பட்ட சுற்றுகளை இழக்கவேண்டும். இழக்கவேண்டிய கோண உந்தம் இவ்வளவு என்று தீர்ந்துவிட்டால், உராய்வின் திருப்புவிசையை நேரத்தால் பெருக்கி வருவதும் அவ்வளவாகவே இருந்தாக வேண்டும். ராடின் நீளம் இதை மாற்றாது.

இப்போது அதே 30 நியூட்டன் கைவிசையைப் புதிய ராடில் கொடுங்கள். கூம்பின்மேல் போய்ச் சேர்வது 150 அல்ல, 114 நியூட்டன்தான். முன்பு 0.10 விநாடியில் முடிந்த சமன்செய்தல் இப்போது 0.13 விநாடி எடுக்கும். இன்னொரு பக்கம், இரண்டாம் கியரிலிருந்து நியூட்ரல் வழியே மூன்றாவதுக்குப் போகும் கைப்பயணம் 100 மில்லிமீட்டரிலிருந்து 76 ஆகிறது. கை விநாடிக்கு அரை மீட்டர் நகருமானால் மிச்சம் 0.05 விநாடி. பிடித்த ஐந்தில் மூன்று பங்கைச் சிங்க்ரோ திரும்ப வாங்கிக்கொண்டது! முழு மிச்சமும் வேண்டுமென்றால் கை கூடுதல் விசையைக் கொடுத்தாகவேண்டும். அதற்குமேலும் அவசரப்பட்டு அடித்துத் தள்ளுகிறவர்களின் காரில் பித்தளை வளையம் விரைவில் தேய்கிறது. கேட்ட விலையைக் கை கொடுக்கலாம், இல்லையேல் நேரம் கொடுக்கும், முரட்டுத்தனமாகத் தள்ளினால் வளையம் கொடுக்கும்.

இதைவிடக் கவலைப்படவேண்டிய ஒன்று இருக்கிறது. ராடு முன்பின் மட்டும் நகர்வதில்லை, பக்கவாட்டிலும் நகர்கிறது. விகிதம் குறைந்தால் பக்கவாட்டு இடைவெளிகளும் அதே அளவு சுருங்கிவிடுகின்றன. மூன்றாவதிலிருந்து நேராகப் பின்னே இழுத்தால் நான்காம் கியர். இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து இழுத்தால் இரண்டாம் கியர். 7000 சுற்றில், நான்காவதில் விழுந்திருந்தால் எஞ்சின் சுமார் 5260 சுற்றுக்கு இறங்கியிருக்கும். தவறி இரண்டாவதில் விழுந்து, கிளட்சையும் விட்டுவிட்டால்? 7000ஐ 1.888ஆல் பெருக்கி 1.330ஆல் வகுங்கள். ஏறக்குறைய 9940! எரிபொருளை நிறுத்திச் சுற்றைக் கட்டுப்படுத்தும் கருவி எஞ்சினில் உண்டு. ஆனால் இங்கே எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருள் அல்ல, ஓடும் காரின் சக்கரங்கள். அதனால் அந்தக் கருவியால் எதுவும் செய்யமுடியாது. பிஸ்டனை மேலும் கீழும் இழுக்கும் இணைப்புத் தண்டின்மேல் விழும் நிலைம விசை, சுற்றுவேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். சுற்று 1.42 மடங்கு. விசையோ இரண்டு மடங்கு. ஒரு கணத்தில் எஞ்சின் பாழாகிப்போகக்கூடும். ஆகவேதான் ஷார்ட் ஷிஃப்டர் மாட்டியவர்கள் சில நாட்களாவது நிதானமாக ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்ளவேண்டும்.

சிலர் கனமான உலோகக் குமிழை மாட்டுகிறார்கள். வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். நகரும் குமிழுக்கு உந்தம் உண்டு. சிங்க்ரோ மறிக்கும் கணத்தில் அந்த உந்தமும் கையோடு சேர்ந்து தள்ளுகிறது. இன்னும் சிலர் ஷார்ட் ஷிஃப்டரை மாட்டிவிட்டு, குமிழ் ஸ்டியரிங்குக்கு அருகில் இருக்கட்டும் என்று ராடின் தலையில் ஒரு நீட்டிப்புத் துண்டையும் திருகிக்கொள்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட ராடில் மேலே 190, கீழே 50. அதன்மேல் 60 மில்லிமீட்டர் துண்டு ஒன்றைச் சேர்த்தால் கை எவ்வளவு நகரும், எவ்வளவு விசை வேண்டும்? பென்சிலை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடையைக் கண்டதும், அந்தக் கார்க்காரர் எதற்காகப் பணம் செலவழித்தார் என்று உங்களுக்குச் சிரிப்பு வரும்.