பின் டயர் உள்பக்கம் மட்டும் தேயுதா? ஹாட் ஹேட்ச் கார்களில் பின்பக்க அலைன்மென்ட்டை மாற்ற முடியுமா? முழு விவரம்

வீல் அலைன்மென்ட் முடிந்ததும் கடையில் ஒரு பிரிண்ட் அவுட் தருவார்கள். முன் சக்கரங்களுக்கு நேராக எல்லாம் பச்சை. பின் சக்கரங்களுக்கு நேராக மட்டும் சிவப்பு. "இது ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "பின்னாடி செட்டிங் கிடையாது சார், கம்பெனியிலேயே அப்படித்தான்."

இந்தப் பதில் பாதி உண்மை. போலோ, ஸ்விஃப்ட், ஐ20 போன்ற கார்களின் பின்பக்கத்தில் திருப்புவதற்கு எந்த நட்டும் இல்லை என்பது சரி. ஆனால் கோணத்தை மாற்றவே முடியாது என்பது சரியல்ல. வேகமான சிறிய கார்களை, அதாவது ஹாட் ஹேட்ச்களை வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். சரியாகச் செய்தால் டயர் காசு மிச்சம். தவறாகச் செய்தால் மழையில் நனைந்த ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்துவிடும்.

கேம்பர், டோ என்றால் என்ன?

காரின் பின்னால் நின்று பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். வெளிநோக்கிச் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். இப்போது மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றை ஒன்று பார்த்தபடி உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிநோக்கித் திரும்பியிருந்தால் டோ-அவுட்.

டயர் தேய்ந்தால் எல்லோரும் முதலில் கேம்பரைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் டயரை அதிகம் தின்பது டோதான். கணக்கு எளிது. ஒரு சக்கரம் வண்டி போகும் திசையிலிருந்து 0.5 டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 87 கி.மீ. தூரம் டயரைத் தரையில் தேய்த்து இழுத்ததற்குச் சமம். அதனுடன் நெகட்டிவ் கேம்பரும் சேர்ந்தால் அந்த உரசல் முழுவதும் டயரின் உள்விளிம்பில் விழுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு போல இருக்கும். உள்ளே கையை விட்டுத் தடவினால் கம்பி குத்தும்.

பின்னாடி செட்டிங் ஏன் இல்லை?

காரணம் ட்விஸ்ட் பீம் ஆக்சில். 1974-ல் வந்த முதல் கோல்ஃப் கார் இதைப் பரவலாக்கியது. 1976-ல் வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.யும் இதே அமைப்பில்தான் ஓடியது. இடது, வலது என இரண்டு கைகள். நடுவில் அவற்றை இணைக்கும், முறுக்கிக்கொள்ளக் கூடிய ஒரு இரும்புக் குறுக்குச்சட்டம். முன்னால் இரண்டு ரப்பர் புஷ். அவ்வளவுதான். விலை குறைவு, டிக்கியில் இடம் மிச்சம், பழுதாக அதிகம் ஒன்றும் இல்லை.

கோணங்கள் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். நான்காம் தலைமுறை கோல்ஃபை எடுத்துக்கொண்டால், பின் சக்கரத்துக்குச் சுமார் ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பர், இரு சக்கரமும் சேர்த்து சுமார் மூன்றில் ஒரு டிகிரி டோ-இன். அந்தக் கோணங்களோடுதான் பீம் வெல்டு ஆகி வெளியே வருகிறது.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. வண்டியை லோயரிங் ஸ்பிரிங் போட்டு இறக்கினாலும் ட்விஸ்ட் பீமில் இந்தக் கோணங்கள் பெரிதாக மாறாது. அதனால் "இறக்கிட்டேன், அதான் பின் டயர் தேயுது" என்று போலோ உரிமையாளர் சொன்னால், சந்தேகம் வேறு இடத்தில் வர வேண்டும். பள்ளத்தில் இறங்கியதா, நடைபாதைக் கல்லில் சக்கரம் மோதியதா என்று கேட்க வேண்டும்.

மல்டி லிங்க் உள்ள கார்களில் கதை நேர் எதிர். ஐந்தாம் தலைமுறையில் இருந்து கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் பின்பக்கம் பல தனித்தனி ஆர்ம்களால் ஆனது. 2025 மே மாதம் சுமார் 53 லட்சம் ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.யிலும் அப்படித்தான். அதில் ஆர்ம்களின் உள்பக்க போல்ட்டில் எக்சென்ட்ரிக் இருக்கும். அதாவது போல்ட்டைத் திருப்பினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும். கேம்பர், டோ இரண்டையும் கம்பெனி கொடுத்த இடத்திலேயே மாற்றலாம். ஆனால் அந்த வண்டியை இறக்கினால் நெகட்டிவ் கேம்பர் கூடிவிடும், டோவும் மாறும். எக்சென்ட்ரிக்கின் எல்லை போதாதபோதுதான் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆர்ம் வாங்கிப் போடுகிறார்கள்.

ட்விஸ்ட் பீமில் எப்படி மாற்றுகிறார்கள்?

பீமின் முனையில் தட்டையான ஒரு பிளேட் உண்டு. அதில் நான்கு போல்ட் போட்டு ஸ்டப் ஆக்சில் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரமும் பேரிங்கும் சுற்றுவது அந்த ஸ்டப் ஆக்சிலின் மேல். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஷிம் வைப்பதுதான் மொத்த வித்தை. ஷிம் என்பது ஒரு பக்கம் தடிமனாகவும் எதிர்ப்பக்கம் மெல்லியதாகவும் இருக்கும் தகடு. தோசையை ஒரு பக்கம் மட்டும் தடியாக ஊற்றியது போல.

தடித்த பக்கம் கீழே இருந்தால் நெகட்டிவ் கேம்பர் கூடும், மேலே இருந்தால் குறையும். தடித்த பக்கம் பின்னால் இருந்தால் டோ-இன், முன்னால் இருந்தால் டோ-அவுட். குறுக்காகத் திருப்பி வைத்தால் ஒரே ஷிம் இரண்டையும் மாற்றும். இங்கே அளவுகள் மிகச் சிறியவை. பிளேட் 100 மி.மீ. அகலம் என்றால், 1 டிகிரி மாற்றத்துக்கு இரு முனைகளுக்கும் இடையே தேவைப்படும் தடிமன் வித்தியாசம் 1.75 மி.மீ. மட்டுமே. டோவில் தேவைப்படுவது பெரும்பாலும் கால் டிகிரிக்கும் கீழே. அது அரை மில்லிமீட்டர் கூட இல்லை. கண்ணால் பார்த்து வைக்கும் வேலை அல்ல இது.

வாஷர் வைத்தால் போதாதா?

பல ஒர்க்‌ஷாப்களில் நடப்பது இதுதான். ஷிம் கிடைக்கவில்லை, அல்லது விலை அதிகம். "ரெண்டு வாஷர் போட்டு டைட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். இரண்டு போல்ட்டுக்கு அடியில் மட்டும் வாஷர் வைத்தால் கோணம் மாறும். மெஷினிலும் பச்சை வரும். ஆனால் அதுவரை முழுப் பரப்பாக ஒட்டி இருந்த இரண்டு பிளேட்டுகள் இப்போது சில புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் புள்ளிகள் நசுங்கும், போல்ட்டின் இறுக்கம் குறையும். சாய்ந்த பரப்பில் உட்காரும் போல்ட் தலை ஒரு பக்கமாக வளைபடும். அந்த நான்கு போல்ட்டுகள்தான் பின் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வாஷர் யோசனையின் ஆபத்து புரியும்.

முழுப் பரப்பையும் நிரப்பும் ஷிம்மே சரி. அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஷிம்மின் தடிமன் அளவுக்கு போல்ட்டின் மரை உள்ளே போவது குறையும், அதனால் நீளமான, அதே தரத்திலான புது போல்ட் வேண்டும். ஏ.பி.எஸ். சென்சாருக்கும் ரிங்குக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கிறதா, பின்னால் டிஸ்க் பிரேக் இருந்தால் காலிப்பரும் டிஸ்க்கும் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்குவது டார்க் ரெஞ்ச் கொண்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவில். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பீமை வெட்டி வெல்டு வைத்துக் கோணம் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. வாழ்நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கும் பாகம் அது. வெல்டு வைத்த சூட்டில் பலவீனமாகும் இடத்தில்தான் முதலில் விரிசல் விழும்.

பின்பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்?

வேகமாக வளைவில் போகும்போது பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். எடை முன்பக்கம் பாய்கிறது. பின் டயர்கள் லேசாகி, பிடி குறைகிறது. முன் டயர்கள் கடித்துத் திரும்ப, பின்பக்கம் வெளியே வீசுகிறது. இதற்கு லிஃப்ட்-ஆஃப் ஓவர்ஸ்டியர் என்று பெயர். 1984-ல் வந்த பெஷோ 205 ஜி.டி.ஐ. இந்தக் குணத்துக்காகவே இன்றும் பேசப்படும் கார்.

பின் சக்கரத்தில் கொஞ்சம் டோ-இன் இருந்தால் அது இந்த வீச்சை அடக்கும். டோ-அவுட் இருந்தால் தூண்டிவிடும். ரேஸ் ட்ராக்கில் முன்சக்கர டிரைவ் காரைச் சட்டென்று திருப்புவதற்காக டோவைப் பூஜ்ஜியத்துக்கோ, சற்று டோ-அவுட்டுக்கோ கொண்டுபோவார்கள். அங்கே டிரைவர் அதற்குப் பழகியவர், எதிரே லாரி வராது. அதே செட்டிங்கைத் தினசரி ஓட்டும் வண்டிக்குக் காப்பியடிப்பதுதான் பெரிய தவறு. சாலைக்கு டோ-அவுட் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் இருப்பது. இடது சக்கரம் கொஞ்சம் உள்நோக்கி, வலது சக்கரம் அதே அளவு வெளிநோக்கி என்றால் மொத்த டோ பூஜ்ஜியம் என்றே மெஷின் காட்டும். ஆனால் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. வண்டி நண்டு போலக் கோணலாக ஓடும். நேராகப் போக ஸ்டியரிங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிரிண்ட் அவுட்டில் 'த்ரஸ்ட் ஆங்கிள்' என்ற வரி இதைத்தான் சொல்கிறது.

ஷிம் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

புஷ் நைந்திருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, ஸ்டப் ஆக்சில் வளைந்திருக்கிறதா என்பவை முதலில். ஒரு பக்கம் மட்டும் அளவு விலகியிருந்தால் பெரும்பாலும் அடிபட்ட பாகம் இருக்கும். வளைந்த ஸ்டப் ஆக்சிலை மாற்றுவதற்குப் பதிலாக ஷிம் வைத்து மறைப்பது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது போல. எல்லாப் பாகமும் சரியாக இருந்து, அப்போதும் அளவு எல்லைக்கு வெளியே இருந்தால்தான் ஷிம்.

டயர் காற்றைச் சரிபார்த்த பிறகு முதலில் பின்பக்கம், அதன் பிறகு முன்பக்கம். அதிலும் முதலில் கேம்பர், பிறகு டோ. கேம்பரை மாற்றினால் டோவும் நகரும் என்பதால் வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பின் சக்கரக் கோணம் ஆர்.சி.யில் எழுதப்படும் விவரம் அல்ல. ஆனால் ஷிம்மோடு நிற்பவர்கள் குறைவு. அகல டயர், இறக்கிய சஸ்பென்ஷன் என்று போகும்போது பரிசோதனையிலும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயரிடமும் கேள்விகள் வரும்.

வேலை முடிந்ததும் செய்வதற்கு முன் எடுத்தது, பின் எடுத்தது என இரண்டு பிரிண்ட் அவுட்டையும் கேட்டு வாங்குங்கள். பச்சையா சிவப்பா என்று மட்டும் பார்க்க வேண்டாம். இடது, வலது டோ எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் டோ-இன் பக்கம் இருக்கிறதா, ஏறக்குறைய சமமா, த்ரஸ்ட் ஆங்கிள் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கிறதா? இல்லையென்றால், வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.