நன்னீரைத் தாங்கி நிற்கும் கடலோர மணல்

இராமநாதபுரம் கடற்கரையிலும் இராமேசுவரம் தீவிலும் பரந்து கிடக்கும் மணலைப் பார்த்ததும், எதற்கும் உதவாத பூமி என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் ஆடுகளின் மேய்ச்சல், பனை, தென்னை, மல்லிகை நாற்று, குடிநீர் எல்லாவற்றுக்கும் இங்கே இந்த மணல்தான் ஆதாரம்.

மணலின் குணம்

இந்த மண்ணில் களி மிகக் குறைவு. துகள்களுக்கு இடையே வெளி அதிகம். அதனால் மழைநீர் மேலே ஓடாமல் விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிடும். மேல்மண்ணில் ஈரம் நிற்காது. மட்கும் தழைச்சத்தும் குறைவு. சிப்பி, சங்குத் துகள்கள் கலந்திருக்கும் இடங்களில் சுண்ணாம்பும் காரத்தன்மையும் கூடுதலாக இருக்கும். வண்டல் நிலத்து வேளாண்மையை இங்கே அப்படியே செய்ய முடியாது.

ஆனால் உள்ளே இறங்கிய மழைநீர் வீணாவதில்லை. கடல்நீரைவிட நன்னீர் கனம் குறைந்தது. எனவே மணலுக்கு அடியில் பரவியிருக்கும் உவர்நீரின் மேல் அது தனிப் படலமாகத் தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. வடகிழக்குப் பருவமழைதான் இந்தச் சேமிப்பை ஆண்டுதோறும் நிரப்புகிறது.

1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் வாழ இந்தப் படலமே காரணம். கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலில் சில அடி தோண்டுவார்கள். அடியில் நீர் கசிந்து ஊறும். அது தெளியும்வரை காத்திருந்து, கலங்காமல் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். தங்கச்சிமடம் அருகே கடலுக்குள் இருக்கும் வில்லூண்டித் தீர்த்தத்திலும் நல்ல தண்ணீர்தான் ஊறுகிறது.

மேய்ச்சலும் விளைச்சலும்

கடலை ஒட்டிய மேடுகளில் இராவணன் மீசைப் புல்லும் அடும்பும் படர்கின்றன. முள்ளாய் விறைத்து நிற்கும் இராவணன் மீசை நல்ல தீவனம் அல்ல. காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவதுதான் அதன் வேலை. சற்று உள்ளே, குடைபோல் கவிந்து நிற்கும் உடை மரங்கள் வருகின்றன. புல் காய்ந்த கோடையில் ஆடுகளின் பசி தீர்ப்பவை இவற்றின் காய்களே. சத்துக் குறைந்த இந்த மண்ணுக்கு ஆட்டுக்கிடை போட்டால் எருவும் கிடைக்கிறது.

பனைக்கும் தென்னைக்கும் மணல் தோதானது. தங்கச்சிமடத்தில் வளர்க்கப்படும் மல்லிகை நாற்றுகள் தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் போகின்றன. இங்கே தண்ணீர் தேங்காததால் வேர் அழுகாது. மண் பொலபொலவென்று இருப்பதால் புதுவேர் தடையின்றிப் பரவும். பிடுங்கும்போது அறுபடாமல் வரும். தோட்டக்காரர் குறையாகப் பார்க்கும் குணமே நாற்றுக்காரருக்கு மூலதனமாகிறது.

எங்கே ஆபத்து?

1-க்கு 40 என்ற அதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். மின்மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழிருக்கும் உவர்நீர் நாளடைவில் சுமார் 40 அடி மேலேறக்கூடும். ஒருமுறை உவர்ந்த கிணறு தேற பல மழைக்காலங்கள் ஆகலாம். மணல்மேட்டை வெட்டிச் சமப்படுத்தினால் மழையைச் சேமிக்கும் இடமும் புயல் அலையைத் தடுக்கும் அரணும் ஒருசேரப் போய்விடும். அதனால்தான் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைக் கடும் பாதுகாப்புக்குரிய பிரிவில் வைத்திருக்கிறது.

யாத்திரிகர்களும் சுற்றுலாவும் பெருகப் பெருக இராமேசுவரத்தின் தண்ணீர்த் தேவையும் கூடும். விடுதிகள் கூரைநீரை மணலுக்குள் இறக்க வேண்டும். தோப்புகளில் சொட்டுநீர்ப் பாசனம் வேண்டும். காலி மணல்வெளியைத் தரிசு என்று பதிந்து கட்டடத்துக்குக் கொடுப்பதை உள்ளாட்சிகள் நிறுத்த வேண்டும். அந்த வெளிதான் இந்தக் கடற்கரையின் குடிநீர்த் தொட்டி. அதை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு நிலப் பயன்பாடுதான்.