உங்களுக்குத் தெரியுமா? டிவி கற்றுத்தராத சீன மொழி

அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீடுகளிலிருந்து ஒன்பது மாதக் குழந்தைகள் வந்தார்கள். மாண்டரின் எனும் சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் குழந்தைகள் எதிரில் உட்கார்ந்து, அம்மொழியில் கதை வாசித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 25 நிமிடமாக 12 தடவை. ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதுவும் தைவானில் பிறந்து வளரும் குழந்தைகளுக்கு இணையாக!

வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொம்மைகள் டிவியில் காட்டப்பட்டன. அவையும் பார்த்தன. ஆனால் சீனமே கேட்டிராத குழந்தைகளைவிட ஒரு துளியும் கூடுதலாக அவை கற்கவில்லை. நேரில் பேசுகிறவர் பொம்மையைப் பார்த்தால் குழந்தையின் கண்ணும் அங்கே போகிறது. குழந்தை சிரித்தால் அவரும் சிரிக்கிறார். பிஞ்சு மூளை இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழியைப் பிடிக்கிறது என்கிறார் கூல்.

யாரும் பார்க்காமல் டிவி ஓடினாலும் இழப்பு உண்டு. 2009இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்தன. இதுதான் நம்மை அதிகம் கவலைப்படுத்த வேண்டும்.

ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கமும் 2016இல் ஒன்றரை வயதுவரை வேண்டாம் என்றது. வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது.